கழுவிக் காயப்போட்ட கொட்டகைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதியே பழகிவிட்ட கை, இந்த முறை அதை உண்மையாகவே எழுதுகிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி ஏற இறங்கப் பார்த்த டாக்டர், நுரையீரல் சுத்தமாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்றார். உன் அப்பா நம்பவில்லை. இன்னொரு தடவை பாருங்கள் என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தார்.

இத்தனை மாதம் அந்த மாத்திரைகளோடு நான் பட்ட பாட்டை உன்னிடம் சொன்னதில்லை. எதைத் தின்றாலும் இரும்பை நக்கியது மாதிரி இருந்தது. மருந்தின் சாயம் கண்ணீரில்கூட இறங்கும், ஆரஞ்சு நிறமாக வரும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லிவைத்தாள். வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என் தலையணை உறைகளை உன் அப்பாதான் துவைத்தார். அவருக்குத் தெரிந்திருக்கும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போன் செய்கிறாய், உன் அப்பா எழுந்து வெளியே போகிறார், நீயும் நானும் மழை வந்ததா, வெயில் அடித்ததா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். வானிலை அறிக்கை வாசிப்பவர்கள்கூட நம்மைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் படி.

பண்ணையில் இப்போது ஒரு மாடும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் மாடில்லாத பண்ணையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது தெரியாது. மாடுகளை ஏற்றிக்கொண்டு லாரி போன மறுநாள் காலையில், கறக்கிற நேரத்துக்கு உன் அப்பா எழுந்து போய்க் கறவைக் கொட்டகையில் விளக்கைப் போட்டார். அங்கே என்ன செய்வார் என்று நான் போய்ப் பார்த்தேன். பால் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வெந்நீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவற்றில் பால் ஓடவே இல்லை. நான் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அதே காலையில் பால் லாரிக்காரரும் வந்துவிட்டார். பழக்க தோஷம், வண்டி தானாகத் திரும்பிவிட்டது என்றார். எனக்கென்னவோ தெரிந்தேதான் வந்தார் என்று தோன்றியது. பால் குளிர்தொட்டி அறை வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது என்னிடம், நாளைக்கும் இந்தப் பக்கம்தான் வருவேன், டீ இருந்தால் குடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை வருகிறார். டீயில் பால் விடுவதில்லை என்பதற்காகக் கோபித்துக்கொள்வதும் இல்லை.

கால்நடை நோய்த்தடுப்பு அதிகாரி வந்து எல்லாக் கொட்டகைகளையும் சுற்றிப் பார்த்தார். கல்லும் சிமெண்டும் பரவாயில்லை, தேய்த்துக் கழுவி மருந்தடித்துக் காயப்போட்டால் போதும் என்றார். மரத்தால் ஆனது எதையும் விட்டுவைக்க முடியாது, வருஷக்கணக்கில் ஊறிப்போயிருக்கும், பிரித்து எரித்துவிட வேண்டும் என்றார். உன் வேலையே இது, உனக்கு இதெல்லாம் மனப்பாடம். உன் அப்பாவுக்கு அது இடிபோல் இறங்கியது. மரத்தால் ஆனது நம்மிடம் ஒன்றுதான் இருந்தது. கன்றுக் கொட்டகை.

அந்தக் கொட்டகையைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நாங்கள் சொன்னதில்லை. சொல்லும்படியாக இருந்ததும் இல்லை.

இந்த நாட்டுக்கு உன் அப்பா வந்தது பால் கறக்கிற கூலியாக. இந்தப் பண்ணை அப்போது பெரியவருடையது. பிள்ளைகுட்டி இல்லாத மனுஷர், முன்கோபி. பின்னாலேயே நானும் வந்து சேர்ந்தேன். வேலையாள் வீடு என்று ஒன்றைக் காட்டினார். அதன் கூரை பாதி உள்ளே விழுந்து கிடந்தது. சரிசெய்யும்வரை இங்கே இருங்கள் என்று கன்றுக் கொட்டகையின் கோடியில் பலகை வைத்துத் தடுத்துக் கொடுத்தார். அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கன்றுகள், இந்தப் பக்கம் நாங்கள். குளிர் காலத்தில் அதுவும் நல்லதாகவே போயிற்று. கன்றுகளின் மூச்சுச் சூடு பலகை இடுக்கு வழியாக வரும். நான் அந்தப் பக்கமாகவே படுத்துக்கொள்வேன். நீ பிறந்தது அங்கே இருக்கும்போதுதான். வேலையாள் வீட்டுக் கூரை சரியானபோது நீ தடுப்புப் பலகையைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாய்.

உன் அப்பாவுக்கு அப்போது இந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தையும் தெரியாது. பெரியவர் மாட்டிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். அதில் வந்தது வினை. கடையில் வழியை மறித்து நின்ற ஒரு பெரிய மனுஷியிடம் மரியாதையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கொம்பைத் திருப்பு, பின்னாலே போ என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அசந்துபோய்ப் பின்னாலேயே போய்விட்டாளாம். கடைக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு பெரியவர் படுக்கையில் விழுந்தார். சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாட்டுக்கும் அவருக்கும் உன் அப்பா ஒருவரே எல்லாம் செய்தார். கண்ணை மூடுவதற்கு முன்னால் பண்ணையை எங்களுக்கே குத்தகைக்கு விட்டு, மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளட்டும் என்று வக்கீலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. வந்தவன் எத்தனை நாள் தாங்குவான் என்று பேசிக்கொண்டார்கள். வைக்கோல் கொட்டகையைக் கட்டும்போது மேற்கு வேலிக்காரர் தினமும் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார். உதவிக்கு இல்லை, எப்போது சரியும் என்று பார்க்க. அது சரியவில்லை. தீவனக் கோபுரம் எழும்பியபோது நீ பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டில் ராக்கெட் கட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

ஒரு விஷயம் மட்டும் நாங்கள் யோசிக்காமலே நடந்தது. பெரியவர் காலத்து மாடுகள் அவருடைய பேச்சைத்தான் கேட்கும். நம் காலத்தில் பிறந்ததுகள் நம் பேச்சில் வளர்ந்தன. வா கண்ணு என்றால் வரும், தள்ளிக்கோ என்றால் தள்ளிக்கொள்ளும். இந்த ஊர்ப் பாஷையில் எவ்வளவு கத்தினாலும் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும். பால் லாரிக்காரர் அதற்காகவே நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டார்.

இதை எழுதும்போது அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எழுதாமல் தாண்டிப்போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

நீ லீவுக்கு வந்த முதல் வாரமே என் இருமலைக் கேட்டுவிட்டு ஒரு மாதிரி பார்த்தாய். எத்தனை நாளாக, சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, எதற்கு இப்படி இளைத்தாய் என்று துருவித் துருவிக் கேட்டாய். நான் வயசாகிறது என்றேன். நீ சின்ன வயதிலிருந்து என்னோடு மல்லுக்கு நிற்கிற விஷயம் ஒன்று உண்டு, காய்ச்சாத பாலை நான் கறந்த சூட்டோடு குடிப்பது. உன் அப்பா பால்பண்ணை வைத்திருக்கிறாரே ஒழிய பாலை வாயில் வைக்க மாட்டார். அதுதான் அவர் தப்பியதற்குக் காரணம் என்று டாக்டர் பிறகு சொன்னார். மறுநாள் நீ கறவைக் கொட்டகைக்குப் போனாய். அங்கே நம் வக்கீலம்மாவும் இருமிக்கொண்டு நின்றாள். எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்கிற அந்த மாடு, அன்றைக்கு நீ கழுத்தைத் தடவியதும் பேசாமல் தலையைச் சாய்த்துக் கொடுத்தது என்றாய். மாட்டு வைத்தியம் படித்த பெண் நீ. அந்த வேலையில் இருக்கிறவள். இரண்டு இருமலையும் சேர்த்துப் பார்க்க உனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கன்று ஈனும் காலம் முடியட்டும், அதுவரை வெளியே சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா கேட்டுக்கொண்டார். நீ முடியாது என்றாய். அப்போது அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நீ எங்க வீட்டுப் பொண்ணா வந்திருக்கியா, இல்ல ஆபீஸ் ஆளா வந்திருக்கியா?"

நீ, "ரெண்டும் ஒரே ஆள்தான்ப்பா" என்றாய். அதற்குப் பிறகு உங்கள் இருவருக்கும் பேச்சில்லை.

நீ ஆபீஸுக்குச் சொன்னதும் ஆட்கள் வந்து மாடுகளின் கழுத்தில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மாடுகளுக்கு, எனக்கிருந்த அதே காசநோய் இருந்தது. எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு வந்தது. லாரி வந்த அன்று நான் காய்ச்சலோடு சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். வந்த ஆட்கள் அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் விரட்டினார்கள். மாடுகள் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஒருவன் தடியை எடுத்தான். உன் அப்பா எங்கே என்று பார்த்தேன், காணவில்லை. நீதான் லாரிப் பலகையில் ஏறி உள்ளே நின்றுகொண்டாய். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். வா கண்ணு, வா என்றாய். எல்லாம் வரிசையாக ஏறிவிட்டன. தடிக்கு வேலை வரவில்லை.

அன்றிரவே நீ கிளம்பிப் போய்விட்டாய். போன பிறகு உன் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அவ கூப்பிட்டா, அதான் அதுங்க ஏறிப் போச்சுங்க." அவருடைய மனசில் அது அப்படியே உறைந்துவிட்டது. நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லப் பார்த்தேன். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

*

இங்கே நிறுத்திவிட்டு மூன்று நாளாக எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, மீதியைச் சொல்லாமல் விட்டால் நீ இந்தப் பாதியோடு நின்றுவிடுவாய் என்று பட்டது.

மேற்கு வேலிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பண்ணையில் நோய் என்றதும் அவருடைய மாடுகளையும் சோதித்தார்கள். அதனால் அவருக்கு நம்மேல் அடங்காத கோபம். கடையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேலி ஓரம் இருந்த இரண்டு மாடுகளுக்கு மட்டும் நோய் தொற்றியிருந்தது. அவற்றோடு போயிற்று. மற்றதெல்லாம் இப்போது சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். போன மாதம் அவராகவே நம் வாசலுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உன் அப்பாவிடம், உங்கள் பெண் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அடுத்த வருஷம் என் கொட்டகையும் இப்படித்தான் காலியாகக் கிடந்திருக்கும் என்றார். உன் அப்பா தலையை ஆட்டினார். உட்காருங்கள் என்றார். அவர் போன பிறகு நெடுநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை உன் அப்பா கன்றுக் கொட்டகையைத் தொடவில்லை. கறவைக் கொட்டகைத் தரையைக் கம்பிப் பிரஷ்ஷால் முழங்கால் போட்டுத் தேய்த்தார். வைக்கோல் கொட்டகையைக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்தார். குளிர்தொட்டியை முகம் பார்க்கிற மாதிரி துலக்கினார். இதை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். அதிகாரி வந்து, இது நிற்கிறவரை புதுக் கன்றுகளுக்கு அனுமதி தர முடியாது என்று தன்மையாகத்தான் சொன்னார். அப்போதும் அசையவில்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்திய மறுநாள், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பிரித்தார். கூரைத் தகரம், பிறகு சட்டம், பிறகு சுவர்ப் பலகை. கோடியில் நாங்கள் குடியிருந்த பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார். நான் டீ கொண்டுபோனபோது தடுப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாய்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"அன்னிக்கு நான் கூப்பிட்டிருக்கணும்" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை.

"அதுங்களை வளர்த்தவன் நான். நான்தான் கூட நின்னு ஏத்தி அனுப்பியிருக்கணும். அந்த வேலையைப் பிள்ளை தலையில போட்டுட்டு வைக்கோல் போருக்குப் பின்னாடி போய் நின்னேன். அடி படாம போச்சுங்களே, அது அவளாலதான். அதையே குத்தமாவும் பிடிச்சுக்கிட்டேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒரே வீட்டில இருக்கேன். உன் இருமல் எனக்குக் கேக்கல. அவ வந்து இறங்கினதும் உன்னைத்தான் பார்த்தா. நான் மாட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன். மாட்டையும் சரியாப் பார்க்கல."

இவ்வளவுதான் பாப்பா. இதற்கு மேல் அவர் சொல்லவில்லை. உன் அப்பா வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது என்று உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து பலகைகளை வயலுக்கு நடுவே அடுக்கினோம். தீயை அவர்தான் வைத்தார். ஊறிய மரம், நிறையப் புகைந்தது. எனக்குப் புகை ஆகாது என்று என்னை வீட்டுக்குள் போகச் சொன்னார். நான் போகவில்லை. இருமலும் வரவில்லை.

இப்போது அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. வீட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து மரங்கள் வரை தெரிகிறது. இத்தனை வருஷம் அங்கே இவ்வளவு மரங்கள் இருப்பதே எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் கன்றுகள் வரலாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். ஆனால் புதிதாக வருவதைத் தனியாக வைத்துப் பார்க்க ஒரு கொட்டகை கட்ட வேண்டுமாம், மற்றவற்றிலிருந்து தள்ளி. தண்ணீரும் கலக்கக்கூடாது, காற்றும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரக்கூடாதாம். உன் அப்பா கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு பண்ணை முழுக்கச் சுற்றுகிறார். ஓரிடத்தில் அடிக்கிறார், தள்ளி நின்று பார்க்கிறார், பிடுங்கிவிடுகிறார். அதிகாரியைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாரே என்றேன்.

"கேக்கலாம். அவர்கிட்ட கேக்க எனக்கு இஷ்டமில்ல" என்றார்.

யாரிடம் கேட்க இஷ்டம் என்று நான் கேட்கவில்லை. நான் கடிதம் எழுதுகிறேன், நீங்களும் இரண்டு வரி எழுதுகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். இதோ வருகிறார். பேனாவை அவரிடம் கொடுக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மற்றவர்கள் வீட்டு மாடுகளுக்கெல்லாம் ஓடுகிற நீ, உன் உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் உன் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

உன் அம்மா

*

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

அம்மா எல்லாம் எழுதியிருப்பாள். நான் படிக்கவில்லை.

கிணற்றுக்கு மேற்கே மேடு இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் அங்கிருந்து தண்ணீர் கறவைக் கொட்டகைப் பக்கம் இறங்கும். தீவனக் கோபுரத்துக்குப் பின்னால் நல்ல இடம், காற்றுதான் சரியில்லை. கிழக்கு மூலை வீட்டுக்கு ரொம்ப தூரம், குளிர் நாளில் கன்று தனியாகக் கிடக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைப் படித்தவள் நீ.

படம் போட்டு அனுப்பாதே. போனிலும் சொல்லாதே. நேரில் வந்து நிலத்தில் நடந்து பார். ஓரிடத்தில் நில். நீ நிற்கிற இடத்தில் நான் முளை அடித்துக்கொள்கிறேன்.

அதுவரை குழி தோண்ட மாட்டேன். கன்றுகள் வருவது தள்ளிப்போனால் போகட்டும்.

நல்லா இரு.

அப்பா